என் முன்னிலையில் வைத்த கைநாட்டு

ஜெயித்த வழக்குகளைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் இன்று இளம் வக்கீல்களான நீங்கள் நடத்தினால் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். அதனால் நான் கூண்டில் ஏறி நின்ற ஒரே வழக்கைச் சொல்கிறேன். சாட்சியாகத்தான் ஏறினேன். ஆனால் அன்று குற்றவாளி நான்தான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் வக்கீல் தொழிலை விடுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது நடந்தது. இராஜபாளையத்தில் என் ஆபீசுக்கு ஒரு நாள் காலையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நன்றாகத் தேய்த்த காக்கி பேண்ட். உட்காரச் சொல்லியும் செத்த நேரம் நின்றுகொண்டே இருந்தார். பெயர் காஜா மைதீன். ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர்.

"வேலையிலருந்து நிறுத்தி வச்சிருக்காவ, வக்கீலய்யா. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனேன்னு எம்பேருல கேஸ் இருக்காம். கோர்ட்ல நானே ஒத்துக்கிட்டு அபராதம் கட்டியிருக்கேனாம்."

"குடிப்பீங்களா?"

"இல்லய்யா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் இந்த இடத்தில் தாய் மேல், பிள்ளை மேல், சாமி மேல் சத்தியம் செய்வார்கள். இவர் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

மீதியை விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலம் அதை விற்றுவிட்டார். பெயர் மாற்றுவதற்கான பாரங்களில் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் ஜெராக்ஸும் கொடுத்து, வண்டியை அனுப்பிவிட்டார். வாங்கியவன் பெயரை மாற்றவே இல்லை. ஒரு நாள் அந்த வேனைக் குடித்துவிட்டு ஓட்டி போலீசில் மாட்டியபோது, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயரையே தன் பெயராகச் சொல்லியிருக்கிறான். லைசென்ஸ் ஜெராக்ஸும் வண்டியிலேயே இருந்தது. வழக்கு காஜா மைதீன் பெயரில் பதிவாகி, கோர்ட்டில் அந்தப் பெயரிலேயே ஒருவன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் டிரைவர்களின் பெயரில் வழக்கு ஏதும் உண்டா என்று அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். இது வெளியே வந்துவிட்டது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவரிடம் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸை எப்படிக் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது.

"வீட்டுல நம்புதாவ. பள்ளிவாசல்லதான் கஷ்டமா இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்கல. எப்பவும் முன் வரிசையில நின்னு தொழுவேன். இப்ப கடைசி வரிசைக்குப் போயிடுதேன்."

பிறகு கொண்டுவந்திருந்த உறையை மேஜையில் வைத்தார். கோர்ட்டில் எடுத்த நகல்கள். எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை. சின்னச் சின்ன வழக்குகளை மொத்தமாக எடுக்கும் பெட்டி கேஸ் நாளில் பெயரைக் கூப்பிட்டதும் வந்து நிற்பவனை, கூடவே ஒரு வக்கீலும் நிற்கும்போது, யார்தான் சந்தேகப்படுவார்கள்?

குற்றப்பத்திரிகையைப் பார்த்தேன், தீர்ப்பைப் பார்த்தேன். அடுத்தது வக்காலத்து. அதில் கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை. அதன் கீழே, 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது.' அதற்கும் கீழே என் கையெழுத்து.

என் சொந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னால் கிடையாது.

மறந்துபோன அந்த நாள் மெல்ல மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. கோர்ட் வாசலில் கூட்டம். புரோக்கர் ஒருத்தன் ஓடி வந்து, "சார், நம்ம பார்ட்டி. குத்தத்த ஒத்துக்கிடுதாரு. கூட நின்னா மட்டும் போதும்" என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆள். வலது கையில் விரல் நுனி வரை பேண்டேஜ் துணி. மில்லில் அடிபட்டதாகச் சொன்னான். பேண்டேஜ் நெய்கிற ஊரில் அதை யார் விசேஷமாகப் பார்க்கப்போகிறார்கள்? ஐயோ பாவம் என்றுதான் நினைத்தேன். நானே இங்க் பேடைத் திறந்து, அவன் இடது பெருவிரலைப் பிடித்து, அழுத்தி வைக்கச் சொன்னேன். லைசென்ஸ் ஜெராக்ஸில் முகம் கரிக்கட்டை மாதிரி இருந்தது. யாருடைய முகமாகவும் இருக்கலாம். உன் அசல் லைசென்ஸ் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கைக்கட்டில் ஒரு மருந்துக் கறைகூடக் கிடையாது. அவ்வளவு வெள்ளையாக இருந்தது. லைசென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகாது என்று கையெழுத்தைத் தவிர்க்கச் சுற்றிக்கொண்டு வந்த துணி. அதையும் என் கண்தான் பார்த்தது. பார்த்து என்ன பிரயோஜனம்?

தாளிலிருந்து தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தூக்கியபோது காஜா மைதீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இது..."

"தெரியும்யா. உங்க பேரப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்தீங்க?"

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தவுக நீங்க ஒருத்தர்தான. நான் அவன் இல்லன்னு சொல்லுறதுக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

குரலில் கோபம் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று சோதிக்கும் பார்வையும் இல்லை. முகவரி தெரிந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறவரைப் போல இருந்தார். எத்தனையோ வருஷம் மனிதர்களின் முகத்தைப் படித்துப் பிழைத்தவன் நான். அந்த மாதிரி ஒரு முகத்தை அதுவரை பார்த்ததில்லை. நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்று பகல் பூராவும் யோசித்தேன். என்னோடு ஒன்றாகத் தொழிலுக்கு வந்த நண்பர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டிக்காரர். "இதுல உன்னை எதுக்கு இழுத்துக்கிடுத? குற்றச்சாட்டை ஒழுங்கா விளக்கிச் சொல்லல, அது இதுன்னு சட்டக் குறை நாலு எழுதி மேல் கோர்ட்டுல ரிவிஷன் போடு. தண்டனை ரத்தாகும். அவருக்கு வேலை கிடைக்கும். உன் பேரும் தப்பிக்கும்" என்றார்.

அந்த யோசனையில் ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். தீர்ப்பில் அந்த மாதிரி குறைகள் இருக்கவும் செய்தன. ஆனால் அந்த வழியில் போனால், குடித்தவர் காஜா மைதீன்தான், சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துத் தப்பிவிட்டார் என்றுதானே ஊர் பேசும்? முன் வரிசைக்கு அவர் எப்படிப் போவார்?

மறுநாள் அவர் வந்ததும் சொன்னேன். "உங்க வழக்கை நான் நடத்த முடியாது, பாய். இதுல நான் சாட்சி. நடந்ததையெல்லாம் பிரமாணப் பத்திரமா எழுதிக் கொடுக்கேன். வேற வக்கீல் வச்சு நடத்துவோம்." சரி என்று தலையை ஆட்டினார். நான் அப்படித்தான் சொல்வேன் என்று முதல் நாளே தெரிந்தவரைப் போல.

வழக்கை மாரீஸ்வரியிடம் கொடுத்தேன். தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷமே ஆன பெண். என்னிடம் அவளுக்குத் துளியும் பயம் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவளைத் தேடிப் போனேன். என் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள். "சார், 'கவனிக்கத் தவறியிருக்கலாம்'னு எழுதியிருக்கீங்க. தவறினீங்களா, தவறியிருக்கலாமா?"

அதை அடித்துவிட்டு 'தவறினேன்' என்று எழுதினேன்.

இதற்கிடையில் காஜா மைதீன் சும்மா இருக்கவில்லை. வேலை இல்லாத அந்த நாட்களில் தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி ஒவ்வொரு ஊராகப் போய் அந்த ஆம்னியைத் தேடிக்கொண்டிருந்தார். சத்திரப்பட்டி, சேத்தூர், முகவூர் என்று ஒரு ஊர் விடவில்லை. ஒர்க் ஷாப்களில் நின்று விசாரிப்பார். எதற்கு இப்படி அலைகிறீர்கள், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"வக்கீலய்யா, அவன் இப்பவும் அந்த வண்டிய எங்கயோ ஓட்டிக்கிட்டுத்தான இருக்கான்? குடிச்சிட்டு ஓட்டுனா? ஒரு பிள்ள மேல ஏத்திட்டான்னா? வண்டிய வித்ததோட நம்ம சோலி முடிஞ்சதுன்னு விட்டுட்டேன். பேரு மாறுச்சான்னு ஒரு நாள் போயிப் பாத்திருக்கணும். அது என் தப்பு."

தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அலைகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் கவலைப்பட்டது, முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளைக்காக.

தளவாய்புரத்தில் வண்டி கிடைத்தது. ஒரு தையல் யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்றதாம். நம்பர் பிளேட் அதேதான். ஓட்டுகிறவன் பெயர் செல்வம். யூனிட்களுக்குத் துணிக்கட்டு ஏற்றுகிறவன். இந்தத் தகவலை மட்டும் காஜா மைதீன் என்னிடம் சொன்னார். போலீசில் சொல்வோமா என்றேன். "ரெண்டு நாள் பொறுங்க" என்றார். அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று விசாரணை நாள் வரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செஷன்ஸ் கோர்ட். ரிவிஷன் விசாரணை அன்று ஜட்ஜ் என் பிரமாணப் பத்திரத்தை முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கூண்டுக்கு வாங்க" என்றார். எத்தனையோ வருஷம் மற்றவர்களை ஏற்றிய கூண்டு. அந்த இரண்டு படியும் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.

மாரீஸ்வரி வக்காலத்தைக் காட்டினாள். "இந்தக் கைநாட்டு உங்கள் முன்னிலையில் வைக்கப்பட்டதா?"

"ஆமாம்."

"வைத்தவர் இங்கே நிற்கும் காஜா மைதீனா?"

"இல்லை."

"வைத்தவர் யார் என்பதற்கு அன்று என்ன ஆதாரம் பார்த்தீர்கள்?"

"ஒன்றும் பார்க்கவில்லை."

"ஏன்?"

இதற்குப் பதில் தயார் செய்துதான் வைத்திருந்தேன். கூட்டம், அவசரம், புரோக்கர் தெரிந்தவன் என்று. கூண்டில் நின்றதும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். "பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை" என்றேன். என் நண்பர்கள் பலர் தலையைக் குனிந்து ஏதோ கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரசு வக்கீல் எழுந்தார். இத்தனை வருஷம் கழித்து ஒரு முகம் ஞாபகம் இருக்கிறது என்பதை எப்படி ஏற்பது, ரேகையை நிபுணருக்கு அனுப்ப வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. ஜட்ஜும் அதைத்தான் நினைத்தார். அதற்கு முன்னால் காஜா மைதீனைப் பார்த்து, "இந்த வக்கீலால்தான் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம். இவர் மேல் நடவடிக்கை வேண்டும் என்று கேட்கிறீர்களா?" என்றார்.

"ஐயா, நான் வண்டி ஓட்டுறவன். கண்ணாடியப் பாக்காம திருப்புறது தப்புதான். ஆனா திருப்புன பொறவு தெரிஞ்சதும் வண்டிய நிறுத்தி எறங்கி வந்துட்டாரு. பல பேரு நிக்காமப் போயிருவாவ."

ஜட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். ஒல்லியான ஆள். கட்டம் போட்ட சட்டை. கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவதைப் போல.

"ஐயா, அது என் கைரேகை."

குரலைக் கேட்டதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. வலது கையில் இப்போது எந்தக் கட்டும் இல்லை.

கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி அவனை உட்காரச் சொல்லி அதட்டினார். ஜட்ஜ் கையமர்த்தினார். அவர் செய்ததை நீங்கள் நன்றாக ஞாபகத்தில் வையுங்கள். வழக்கை ஒரே நிமிஷத்தில் முடித்துவிடக்கூடிய வாய்ப்பு அது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "இப்ப ஒண்ணும் பேசாதீங்க. நீங்க சொல்றது உங்களுக்கே எதிராப் போகும். ஒரு வக்கீலைப் பார்த்து ஆலோசனை கேளுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா இலவச சட்ட உதவியில ஏற்பாடு பண்ணச் சொல்றேன். சாப்பாட்டுக்கு அப்புறமும் இதையே சொல்லணும்னு தோணினா அப்பச் சொல்லுங்க" என்றார். மதியம் அவன் தன் வக்கீலோடு வந்து அதையே சொன்னான். அதற்கும் பிறகு இருவர் ரேகையையும் நிபுணருக்கு அனுப்பினார் ஜட்ஜ். ஒப்புக்கொண்டான் என்பதற்காகச் சரிபார்க்காமல் விடவில்லை. ஒப்புக்கொண்டான் என்று சரிபார்க்காமல் விட்டதால்தானே இவ்வளவும் வந்தது?

அடுத்த வாய்தாவுக்கு நிபுணர் அறிக்கை வந்தது. தண்டனை ரத்து. காஜா மைதீனுக்கும் அந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஜட்ஜ் தெளிவாக எழுதினார். ஓட்டியவன் பெயரில் வழக்கைப் புதிதாக நடத்தவும், ஆள்மாறாட்டத்துக்குத் தனியாக நடவடிக்கை எடுக்கவும் உத்தரவு. என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு: ஆளை அடையாளம் பார்க்காமல் சான்றளித்தது வழக்கறிஞரின் கடமை தவறிய செயல் என்று. அந்த உத்தரவு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். வாங்கிப் படியுங்கள்.

முதல் நாள் விசாரணை முடிந்து வெளியே வந்தபோதே காஜா மைதீனைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சொல்லி பாய் அவனைக் கூட்டிட்டு வந்தீங்க? மிரட்டுனீங்களா?"

"சேச்சே. தளவாய்புரத்துக்குப் போனேன். நான்தான் காஜா மைதீன்னு சொன்னேன். அவன் நின்ன எடத்துலயே வெலவெலத்துப் போயிட்டான். ஓடப் பாத்தான். 'ஓடாதலே, நானும் வாரேன்'னு முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டேன். லோடு எறக்கணும்னு சொன்னான். சரி, ஓட்டுன்னேன்."

"அப்புறம்?"

"ரெண்டு நாளு அவன்கூடவே போனேன்யா. குடிய விட்டு ஒரு வருஷமாச்சுன்னு சொன்னான். மொதல்ல நம்பல. ஓட்டுறதப் பாத்தேன். வளைவுல நிதானம் இருக்கு. பள்ளிக்கூடம் விடுற நேரம் தெருவுல ஆளு நடக்குற வேகத்துல போறான். பொறவு நம்புனேன். எறங்கும்போது ஒண்ணுதான் சொன்னேன். 'நல்லாத்தானலே ஓட்டுத. சொந்தப் பேருல ஓட்டேன்.'"

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுதான்யா. விசாரணை எந்தத் தேதின்னு சொல்லிட்டு வந்தேன். வருவான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது."

நான் அந்த வராந்தாவில் அப்படியே நின்றேன். சம்மன், வாரண்ட், போலீஸ் என்று ஒரு ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர நம்மிடம் எத்தனை கருவி இருக்கிறது. இந்த மனிதர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொண்டுவந்துவிட்டார். சட்டத்தை நான் சிறிதாக நினைத்ததில்லை. அன்று அதைவிடப் பெரியதாக ஒன்று என் எதிரே செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனது.

பள்ளிக்கூடத்தில் அவரை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவரைக் கையைப் பிடித்து முன் வரிசைக்கு இழுத்துப் போனார்களாம். மாரீஸ்வரி யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள்.

செல்வம் இரண்டு வழக்கையும் மறுக்கவில்லை. குடித்து ஓட்டியதற்கு அபராதம், லைசென்ஸ் சில மாதம் நிறுத்திவைப்பு. ஆள்மாறாட்டத்துக்கு அபராதத்தோடு, கோர்ட் கலையும் வரை காவல். உங்களுக்குத் தெரியும், ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஜட்ஜ் எழுந்து போகும் வரை கோர்ட்டிலேயே இருந்தால் போதும். தானாக வந்து நின்றான் என்பதை அந்த மாஜிஸ்திரேட் கணக்கில் எடுத்துக்கொண்டார். பெயர் என்ன என்று அவர் கேட்டபோது அவன் சத்தமாகவே சொன்னான். "செல்வம், ஐயா." தகப்பன் பெயரையும் ஊரையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னான்.

தண்டனை சொன்னபோது மணி பதினொன்று. ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவனோடு வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு காஜா மைதீன் வந்தார். காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை. காலை ட்ரிப்பை முடித்துவிட்டு, சாயங்கால ட்ரிப்புக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு, லீவு போட்டு வந்திருக்கிறார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் செல்வத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வம் எழுந்திருக்கப் பார்த்தான். அவர் அவன் தொடையில் கையை வைத்து உட்கார வைத்தார்.

எனக்கு அன்று அங்கே வேலை எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் பையை எடுத்தேன். கால் வாசல் பக்கம் போகவில்லை. நானும் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பேசக் கூடாது, அது கோர்ட். நாங்கள் பேசவில்லை. மற்றவர்களின் வழக்குகள் ஒவ்வொன்றாக வந்து போயின. மதியம் காஜா மைதீன் காவலரிடம் சொல்லிவிட்டு வெளியே போய் அவனுக்கு எலுமிச்சைச் சாதம் வாங்கி வந்தார். சாயங்காலம் கடைசி வழக்கைக் கூப்பிட்டு முடித்து, மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். மணி ஐந்தே முக்கால்.

அவர் எழுந்தார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம்.